தட்டில் வந்த புயல்

சாரங்கபாணிக்கு அன்று மத்தியானத்துக்குள் தெரு காலியாக வேண்டும். ஈ, காக்காய் இருக்கக் கூடாது.

நடக்கிற காரியமா? நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் குறுவை அறுவடை முடிந்த கையோடு எல்லாரும் ஈர நெல்லைக் கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்பியிருந்தார்கள். சைக்கிள் போகக்கூட வழியில்லை. போதாக்குறைக்கு ஒவ்வொரு வீட்டு நெல்லுக்கும் ஒரு ஆள் காவல். நெல்லைக் காலால் கிளறிவிடுவது அவர்களுக்கு ஒரு வேலை; போகிறவர் வருகிறவர் பையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது இன்னொரு வேலை. எதிர்வீட்டுக் கமருன்னிஸா இரண்டாவது வேலையைத்தான் ரசித்துச் செய்வாள்.

சரக்கு, ரைஸ் மில்லுக்குப் பின்னால் தமிழரசனின் குட்டியானை வண்டியில் காத்திருந்தது. பூதலூரில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது, சுவர் வைத்து அடைத்திருந்த அறைக்குள் கிடைத்த சரக்கு. மேலே வைக்கோல், அதற்கும் மேலே தார்ப்பாய். சிலைத் திருட்டைப் பற்றி அடிக்கடி பேப்பரில் வருகிற ஜில்லா இது. மூடிய வண்டி என்றாலே ஜனங்கள் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்கிறார்கள்.

"எதுக்குண்ணே பட்டப்பகல்ல? ராத்திரி கொண்டாந்துடுறேனே," என்றான் தமிழரசன் போனில்.

"ராத்திரி ஆகாதுப்பா. பொழுது சாயறதுக்குள்ள எல்லாத்தையும் உள்ள வச்சுப் பூட்டியாகணும்."

"மாட்டிக்கிட்டா?"

"இது மட்டுமா போகும்? இருபது வருஷமாச் சேர்த்து வச்சிருக்கேனே, அதுவும் மொத்தமாப் போயிடும். அதுக்கப்புறம் நான் இருந்து என்ன பிரயோஜனம், சொல்லு?"

அவருக்குப் பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

மாடியறையைத் திறந்தார். ஊரைப் பொறுத்தவரை அவர் ஒரு ரேடியோ தட்டுக் கிறுக்கர். ரேடியோ நிலையங்கள் அந்தக் காலத்தில் நிகழ்ச்சிகளைப் பதிந்துவைத்து ஒலிபரப்பிய, தாம்பாளம் அளவுக்குப் பெரிய தட்டுகள் மேல் பைத்தியம். மாட்டுக்குக் கோமாரி வந்தால் என்ன செய்வது என்று யாரோ எப்போதோ பேசியதை, சத்தம் தெருவுக்குப் போகாதபடி சன்னலுக்குச் சாக்கு அடித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். கிறுக்கர்களை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது ஒரு வசதி.

தேடி எடுத்த தட்டைச் சுழலவிட்டார். சில ரேடியோ தட்டுகள் உள்ளேயிருந்து வெளியே ஓடும்; இதுவும் அந்த ஜாதி. முள்ளை நடுவில் வைத்தார். திருவிழாவுக்குக் கட்டி, அவிழ்க்க ஆள் வராமல் மொட்டை மாடியிலேயே கிடந்த குழாய் ஸ்பீக்கருக்கு வயரைச் செருகினார்.

"வங்கக் கடலில் மையம் கொண்டுள்ள கடும் புயல் இன்று மாலை நாகப்பட்டினம் அருகே கரையைக் கடக்கும். சாலையிலும் களத்திலும் உள்ள நெல்லை உடனே அப்புறப்படுத்தவும். கதவு சன்னல்களைச் சாத்திக்கொள்ளவும். யாரும் வெளியே வர வேண்டாம்."

ரேடியோ செய்தியேதான் என்று நம்பவைக்கும் கணீரென்ற குரல். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மேகம் என்று சொல்ல வானத்தில் ஒரு பொட்டுகூட இல்லை.

"என் போன்ல வெயில்னுல்ல போட்டிருக்கான்," என்றார் ஒருவர்.

"போன் கெடக்குது. இவ்வளவு சுத்தமாத் தமிழ் பேசுறவரு பொய்யா சொல்லுவாரு? வாருங்க நெல்லை!" என்று முறத்தோடு பாய்ந்தாள் கமருன்னிஸா.

அவ்வளவுதான். சாக்கு, கூடை, படுதா எல்லாம் பறந்தன. கோழிகள் கட்டிலுக்கு அடியில் போயின. ஒரு புண்ணியவான் தன் ஸ்கூட்டரைக் கரண்ட் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினார். இரண்டு மணி நேரத்துக்குள் ரோடு துடைத்துவிட்டது போலக் கிடந்தது. ஒவ்வொரு வீடாகத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. சாரங்கபாணி கீழே இறங்கி தமிழரசனுக்குப் போன் போட்டார்.

குட்டியானை சந்து வழியாகக் கொல்லைக்குள் வந்து நின்றது.

"மெதுவாப்பா. ரெண்டு கையாலயும் பிடி. கொஞ்சம் மூளி விழுந்தாலும் அவ்வளவுதான்."

முதல் கட்டைத் தூக்குவதற்குள் தெருவில் ஆட்டோ சத்தம். நெல் கிடந்திருந்தால் எந்த வண்டியும் முக்கிலேயே நின்றிருக்கும். காலியான ரோட்டில் அந்த ஆட்டோ ஒரே ஓட்டமாக ஓடிவந்து வாசலில் நின்றது. சாரங்கபாணி தார்ப்பாயை இழுத்து மூடினார். தமிழரசன் மதில் எத்தனை உயரம் என்று பார்த்தான்.

கொல்லைக் கதவு திறந்தது. மன்னார்குடியில் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு ராத்திரி வரவேண்டிய அனுராதா, பட்டுப்புடவையும் தாம்பூலப் பையுமாக நின்றாள். கணவனைப் பார்க்கவில்லை. நேரே வண்டிக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்து, வைக்கோலை விலக்கினாள்.

ஐம்பொன்னும் இல்லை, அம்மனும் இல்லை. கட்டுக் கட்டாக ரேடியோ தட்டு.

"இன்னும் ஒரு தட்டு வீட்டுக்குள்ள வந்தா, மாடியில இருக்கிறது மொத்தமும் காயலான் கடைக்குன்னு சொன்னேனா இல்லையா? தெருவையே காவல் போட்டுட்டுப் போனா, தெருவையே உள்ள தள்ளிப் பூட்டியிருக்கீங்க!" என்றவள், நழுவப் பார்த்த தமிழரசனைக் கைகாட்டி நிறுத்தினாள். "இருங்க தம்பி, எங்க ஓடுறீங்க? மேல இருக்கிறதையும் ஏத்தணும்."

"ஊரே நம்பிடுச்சே அனு," சாரங்கபாணி கிட்டத்தட்ட அழுதார். "உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"கமருன்னிஸா போன் பண்ணி, 'அக்கா, புயல் வருது, அங்கயே இருங்க'ன்னு சொல்லி ரேடியோவையும் கேக்க வச்சா."

பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மாடிப்படியைப் பார்த்து நடந்தபடியே அவள் சொன்னாள்:

"இருபது வருஷமா வாரத்துக்கு ரெண்டு தடவை நம்ம மாடியில கரையைக் கடக்கிற புயலுங்க அது."