நுரையில் நட்ட கம்பங்கள்

மண்பாதையில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். அறுபத்தெட்டு வயது நெல்டா, அவள் மகன் டேரல், குழி தோண்டிக்கொண்டிருந்த பக்கத்து நிலத்துக்காரன் ராய்ஸ். டேரலுக்குத் தெரிந்து நெல்டாவுக்கும் ராய்ஸுக்கும் இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

அன்று நிறையப் பேச்சு இருந்தது.

"நாசமாப் போறவனே! என் வழியை அடைக்க நீ யாருடா?" நெல்டா கைத்தடியால் தரையைக் குத்தினாள்.

"உன் வழியா? உன் புருஷனுக்குத்தான் வாக்குக் கொடுத்தேன். அவன் போயிட்டான், வாக்கும் போயிடுச்சு. இது என் நிலம்."

டேரல் அம்மாவின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். "விடும்மா. ஆசை தீர நட்டுட்டுப் போகட்டும். லாரி மூணு மணிக்கு வந்துடும்."

அவனுக்குப் பதற்றமில்லை. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் பிறந்த எவனுக்கும் கம்பம் நடத் தெரியும். கான்கிரீட் இறுக ஒரு நாள் வேண்டும். அதற்குள் கம்பத்தைக் கையாலேயே பிடுங்கி ஓடையில் வீசிவிடலாம்.

அன்று போகாவிட்டால் பாதையின் கோடியில் நிற்கும் அம்மாவின் சக்கரம் வைத்த டிரெய்லர் வீடு என்றைக்கும் போகாது. டவுனில், டேரலின் வீட்டுக்குப் பின்னால் அதை நிறுத்த நகரசபை கொடுத்த அனுமதி அன்றோடு முடிகிறது. இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

பிப்ரவரியில் அம்மா வாசல் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். விடியற்காலை நாலரைக்கு ஆம்புலன்சைக் கூப்பிட்டது ராய்ஸ்தான். அதற்குக்கூட அவள் நன்றி சொல்லவில்லை. அன்றிலிருந்து கோழிக்கறி ஆலையில் இரவு வேலையில் நிற்கும்போதெல்லாம் டேரலுக்குக் கண் செல்போனிலேயே இருந்தது. நாலு மாதம் கெஞ்சினான். கடைசியில், "லாரி வந்து வீட்டை இழுத்தா நானும் கூட வர்றேன், போதுமா?" என்றாள்.

ராய்ஸ் தன் வண்டியிலிருந்து கான்கிரீட் மூட்டை எதையும் இறக்கவில்லை. தலையணை அளவில் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தான். நடுவிலிருந்த தடுப்பை அழுத்தி உடைத்து, இரண்டு பக்கத் திரவமும் கலக்கும்படி பிசைந்தான். மூலையை வெட்டிக் குழிக்குள் ஊற்றினான்.

"யோவ், என்னது அது? ஷேவிங் நுரையா?" டேரல் சிரித்தான். "கம்பத்துக்கு முகம் வழிக்கப் போறியா?"

"சிரி தம்பி, நல்லாச் சிரி."

நுரை பால் மாதிரிப் பொங்கிக் குழியை நிரப்பியது. ராய்ஸ் கம்பத்தைப் பிடித்தபடி வாய்க்குள் எண்ணினான். பிறகு கையை எடுத்தான். நுரை இறுகியிருந்தது; கம்பம் அசையாமல் நின்றது.

"கோணலா நிக்குது பாரு, உன் புத்தி மாதிரியே!" என்று நெல்டா கத்தினாள்.

ராய்ஸ் அடுத்த கம்பத்துக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்து நட்டான்.

பாதையின் குறுக்கே ஐந்து கம்பங்கள் நட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சிரிப்பு நின்று டேரல் முதல் கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஆட்டினான். தோள் கொடுத்து முட்டினான். தோள்தான் வலித்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஓடை. அவனுடைய வண்டியும் உள்ளேதான் நின்றது.

ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் போட்டான். "நிலம் அவர் பேர்ல இருக்கு," என்றது மறுமுனை. "கம்பத்துல ரம்பம் வச்சா உன்னைத்தான் தூக்கிட்டு வரணும். திங்கக்கிழமை கோர்ட்டுக்குப் போ."

மூன்று மணிக்கு லாரி வந்தது. டிரைவர் மார்வின் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "என்னப்பா இது? வீட்டை இழுக்கணும்னு சொன்னியா, பறக்க விடணும்னு சொன்னியா?"

"ஒரு மணி நேரம் இரு மார்வின். ஏதாவது பண்றேன்."

"ஆறு மணிக்கு எனக்கு இன்னொரு வீடு இருக்கு." லாரி பாதை முழுக்கப் பின்னாலேயே போய், வளைவில் மறைந்தது.

நெல்டா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. "போச்சுடா, எல்லாம் போச்சு," என்றபடி வீட்டுக்குள் போய்விட்டாள். பின்னால் போய் ஆறுதல் சொல்ல டேரலுக்குத் தெம்பில்லை.

கம்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். இனி சாகும்வரை அம்மாவுக்கு இந்தக் கூண்டுதான். வெளியே காவலுக்கு ராய்ஸ்.

ராய்ஸ் சாமான்களைத் துடைத்து வண்டியில் போட்டான். ஆனால் வண்டியில் ஏறவில்லை. கம்பங்களுக்கு நடுவே புகுந்து, டேரலைத் தாண்டி, நேராக டிரெய்லரைப் பார்த்து நடந்தான்.

அழுதுகொண்டிருக்கும் கிழவியிடமும் சண்டைக்குப் போகிறான். டேரல் குழியோரம் கிடந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். "யோவ்! அம்மா மேல கை வச்சே, கொன்னுடுவேன்!"

ராய்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தான். தட்டாமலேயே கதவு திறந்தது. உள்ளே போனான். டேரல் படியில் கால் வைப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

உள்ளே பூட்டு திரும்பியது.

"கை கழுவிட்டு வா ராசா, சாப்பாடு ஆறுது," என்றது அம்மாவின் குரல்.