ஒரே சஹன்

பிலிமத்தலாவைக் கல்யாண மண்டபத்தின் தகரக் கூரையில் பகல் மழை தடதடக்கிறது. பாயில் வைத்த சஹனைச் சுற்றி ஆறு பேர். அந்தப் பெரிய தட்டு நிறைய மஞ்சள் சோறு, ஆவி. உம்மாவின் வீட்டைப் பங்கு பிரித்த நாளிலிருந்து பேசாத அண்ணன் ருஷ்தி நானாவின் பக்கத்தில் வேண்டுமென்றே வந்து உட்காருகிறான் ஃபாஸில். வாரம் ஒரு சின்ன சவால் என்று மனைவி றம்ஸியாவோடு அவனுக்குப் பந்தயம். கோபத்தை அடக்கியாயிற்று. சாப்பிடும்போது போனை ஒதுக்கியாயிற்று. இந்த வாரம், நானாவிடம் முதல் வார்த்தை. “கதைக்காம வீட்டுக்கு வராதீங்க” என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். நானாவின் முழங்கை இடிக்கிறது. அதே அத்தர் வாசம். எந்த விருந்திலும் இருவரும் ஒரே சஹனில் ஒட்டி உட்கார்ந்த காலம் அந்த வாசத்தோடு திரும்பி வருகிறது. ஊறுகாய்க் கிண்ணத்தைத் தூக்கி நீட்டுகிறான். “நானா, அச்சாறு?” மற்றக் கைகள் சோற்றிலேயே நின்றுவிடுகின்றன. ருஷ்தி நிமிரவில்லை. “எனக்கு அல்சர் வந்து ஒரு வருஷம். இவன் அச்சாறு தாறான் பாருங்க. கொல்லப் பாக்கிறியாடா?” எல்லோரும் சிரிக்கிறார்கள். ஃபாஸில் சிரிக்கவில்லை, நானாவுக்கு அல்சர் என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது. நானாவின் விரல்கள் சோற்றைக் கிளறி, நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்துத் தம்பியின் பக்கம் தள்ளுகின்றன. “தின்னுடா. நீயும் மெலிஞ்சு போய்த்தான் ஈக்கிறாய்.”