முப்பது பவுண்டு

“உன் தம்பிகிட்ட கிட்னி கேளேன், கர்ட்டிஸ்.”

“செத்தாலும் கேக்க மாட்டேன்.”

“அப்ப என்னோடதை வெச்சுக்கோ. முப்பது பவுண்டு எடை குறைஞ்சா எடுப்பாங்களாம். சந்தை மாடு மாதிரி எடை போடறாங்க.”

மனைவி லொரெட்டா சிரித்தபடி சொன்னது கர்ட்டிஸின் காதில் இன்னும் கேட்டது.

எடை குறைக்கும் கம்பெனி ஊசி கட்டுப்படியாகாமல், மருந்தைக் கலந்து குப்பியில் விற்கும் இடத்தில் வாங்கினாள். சிரிஞ்சின் கோடுகள் குழப்பியதில் பத்து மடங்கு ஏற்றிக்கொண்டாள். நாள்கணக்கில் வாந்தி, தண்ணீர்கூடத் தங்காமல் உடம்பே வற்றிப்போனது.

எடை மட்டும் குறைந்தது.

டயாலிசிஸ் அறையிலிருந்து தம்பிக்குப் போன் போட்டான்.

“டேரல், ஒரு கிட்னி வேணும்டா.”

“இதைக் கேக்க இத்தனை வருஷமா? எப்பவோ குடுத்திருப்பேனே.”

பக்கத்து நாற்காலியில், தன் கையிலும் டயாலிசிஸ் குழாய்களோடு லொரெட்டா தூங்கிக்கொண்டிருந்தாள்.

“எனக்கில்லடா,” என்றான் கர்ட்டிஸ். “லொரெட்டாவுக்கு.”