பல் டாக்டர் வீட்டு டிஷ்

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மாடியில் எட்டடி டிஷ் வைத்த நாளிலிருந்து தையல்காரருக்கு வயிறு எரிந்தது. சாயங்காலம் ஆறு மணியானால் போதும், அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு டாக்டர் வீட்டுக்கு ஓடிவிடுவாள். திரும்பும்போது முகமெல்லாம் சிரிப்பு. எதற்காகப் போகிறாள் என்று அவர் கேட்டதில்லை; அவள் சொன்னதுமில்லை.

ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், இன்று டிஷ் கடைக்கே போய்விட்டார்.

"டாக்டர் வீட்டுதை விடப் பெரிசா ஒண்ணு குடுங்க."

"பெரிசா இருந்தா மட்டும் போதாதுங்க, நடுவுல சிக்னல் புடிக்கிற ஃபீடும் சேனலுக்குப் பொருந்தணும்," என்றார் கடைக்காரர். "எந்த சேனல் பாக்கணும், சொல்லுங்க."

தையல்காரர் தயங்கினார். "டாக்டர் வீட்ல ஆறு மணிக்கு ஓடுதே, அந்த வெளிநாட்டு சேனல்."

"அட, நீங்களும் அந்த நியூஸ் வாசிக்கிற பொண்ணுக்காகவா? டாக்டருக்கு அதுமேல உசுரு. 'என் மக மாதிரி'ன்னு வாய் ஓயாம சொல்லுவாரு."

"அவருக்கு எப்படிங்க அது மகளாகும்?" தையல்காரரின் குரல் வெடித்தது, பிறகு உடைந்தது. "பெத்தவன் நான். சுவரைத் தாண்டி வர்ற குரலைக் கேட்டா எனக்குத் தெரியாதா? பிடிச்சவனைக் கட்டிக்கிட்டாளேன்னு, 'என் முகத்துலயே முழிக்காதே'ன்னு விரட்டிவிட்ட பாவிங்க நான்."