கடைசியாகத் தொட்டவர் யார்?

லண்டனின் சதர்க் பகுதி மதுக்கடை ஒன்றின் மாடி அறையில் நாடகாசிரியர் பார்னபி செத்துக் கிடந்தார். கீழே அவர் சாவைப் பற்றிப் பேசியவர்களுக்கெல்லாம் கூட்டம் பீர் வாங்கித் தந்தது.

“ஸ்பெயின் ஒற்றன் வெச்ச விஷம்யா! என் மடியிலதான் உசுரு போச்சு,” என்றார் நடிகர் கில்பர்ட்.

“புளுகாத! ‘அரண்மனை ஆளுங்க குத்திட்டாங்க’ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு,” என்றார் கவிஞர் இங்ராம்.

நானும் நாடகக்காரன்தான், விடுவேனா? “கடைசி வாய் பீர் ஊத்துனதே நான்தான். மிச்சத்த நானே குடிச்சேன்.”

வாளியோடு வந்த காவலர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப நீங்க மூணு பேருதான் அவரத் தொட்டீங்க. நிச்சயமா?”

“பைபிள் மேல சத்தியம்!” என்று மூவரும் முண்டியடித்தோம்.

“மத்தவங்க வெளிய போங்க.”

கூட்டம் போனதும் வாளியில் தூரிகையைத் தோய்த்துக் கதவில் சிவப்புச் சிலுவை போட்டார்.

“கொள்ளைநோய். இனி ஒரு மண்டலத்துக்குக் கதவு தொறக்காது.”

“ஐயா, நாங்க மாடிப் பக்கமே போகல! சாவுச் சேதி கேட்டு ஓசி பீருக்கு வந்தோம்!”

அன்று நாங்கள் சொன்ன ஒரே உண்மை அது.

“நாடகக்காரங்களாச்சே, நல்லாத்தான் நடிக்கிறீங்க,” என்று சொல்லி, வெளியே போய்க் கதவைப் பூட்டினார்.