வால்வு சூடாகும் முன்

கடைக்காரர் ஸ்விட்சைப் போடுகிறார். ஆம்ப்ளிஃபயரின் மேல் நிற்கும் இரண்டு கண்ணாடி வால்வுகளிலும் செம்மஞ்சள் வெளிச்சம் மெல்ல ஊறுகிறது. "வால்வு சூடாக அரை நிமிஷம் ஆகும் சார், அதுவரைக்கும் சத்தமே வராது" என்று சொல்லிக்கொண்டே திரும்பி, அடுத்த பெட்டியைத் துடைக்கிறார். "சரி சரி" என்று அப்பா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடுகிறார். காது டாக்டர் என்று அம்மா வாயெடுத்தாலே அவருக்குக் கோபம் வந்துவிடும். வீட்டுப் பெட்டிதான் பழுது, அதனால்தான் பாட்டு மங்கிவிட்டது என்று சொல்லி என்னை அழைத்து வந்திருக்கிறார். இப்போது அவர் விரல்கள் மேசை விளிம்பில் தாளம் போடுகின்றன. "அடடா, இதுல்ல சத்தம்! நம்ம வீட்ல இருக்கறது வெறும் தகர டப்பாம்மா" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறார். கடைக்காரரின் கைத்துணி அப்படியே நின்றுவிடுகிறது. வால்வைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார். சொல்லிவிடாதீர்கள் என்று நான் கண்ணாலேயே கெஞ்சுகிறேன். "நீயும் கேளு கழுதை, வெக்கப்படாதே" என்று அப்பா ஹெட்ஃபோனைக் கழற்றி என் காதில் வைக்கிறார். அந்த நொடியில்தான் பாட்டு வருகிறது, ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக, அவ்வளவு தெளிவாக. அது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.