நார்மன் வெட்டிய புல்

"நிறுத்துங்க! நார்மன், நிறுத்துங்க!"

டாக்சி சரியாக நிற்பதற்குள் ஹீதர் இறங்கிவிட்டாள். அவளுடைய தோட்டத்தில், அவளை ஒரு வார்த்தை கேட்காமல், பக்கத்து வீட்டு நார்மன் புல் வெட்டும் எந்திரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்காமலிருக்க அவர் காதில் பெரிய மூடி. அவள் கை வீசுவது தெரிந்தது. ஊரிலிருந்து திரும்பிய சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு, அவரும் உற்சாகமாகக் கை வீசிவிட்டு அடுத்த வரிசைக்குத் திரும்பினார்.

"கொடுத்து வச்சவங்க மேடம் நீங்க," என்றான் டிரைவர், பெட்டியை இறக்கி வைத்து. "என் பக்கத்து வீட்டுக்காரன் என் குப்பைத்தொட்டியைக்கூட நகர்த்த மாட்டான்."

ஹீதர் அக்குளில் ஒரு பலகையை இடுக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் ஓடினாள்.

கணவன் கீத் இருந்தவரை அந்தப் புல் ஒரு வாரம்கூட வளர்ந்ததில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நார்மன். யார் வெட்டினால் புல்லில் எந்திரத்தின் கோடு நேராக விழுகிறது என்று சனிக்கிழமைதோறும் போட்டி. கீத் போன பின் வந்த முதல் வசந்தம் இது. அவள் எந்திரத்தை வெளியிலேயே எடுக்கவில்லை.

புல்லுக்கு நடுவே முதலில் மஞ்சள் மஞ்சளாக டாண்டிலியன் பூத்தது. பிறகு டெய்சி, குளோவர். அப்புறம் பேரிக்காய் மரத்தடியில், ஏதோ எலி விட்டுப்போன வளையில் குண்டுத் தேனீக்கள் குடிவந்தன. காலையில் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் தரைக்கு அடியிலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குத் தேநீர் இறங்கும்.

கால் உடைந்த தங்கைக்குத் துணையாக விட்பி நகரில் இரண்டு வாரம் இருந்தபோதும் அந்த வளையே நினைவு. அங்கே மிச்சமிருந்த வேலி பெயிண்டில்தான் பலகையில் எழுதினாள்: 'மே மாதம் இங்கே புல் வெட்டுவதில்லை. தேனீக்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன.' குச்சி அடித்து வாசலில் நட வேண்டியதுதான் பாக்கி.

எந்திரம் நின்றது. நார்மன் காதுமூடியைக் கழற்றினார்.

"வாம்மா ஹீதர்! நீ வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னு பாத்தேன். முந்திக்கிட்ட."

"யாரு உங்களை வெட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அதானே விசேஷம்!" என்று சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எதிர்வீட்டு பிரெண்டா என்கிட்டயே வந்து கேக்கறாம்மா. 'ஹீதருக்கு மனசு விட்டுப்போச்சு போல, புல்லைப் பாத்தாலே தெரியுதே'ங்கறா. ஊர்ல இல்லாதவளைப் பத்தி என்ன பேச்சு? எனக்குப் பொறுக்கல."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார். அந்த முதுகோடு எந்திரத்தைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னது தெருவுக்கே தெரியும். அவர் வீட்டுப் புல்லையே மருமகன்தான் வெட்டுகிறான்.

ஹீதருக்கு அதெல்லாம் மனதில் ஏறவில்லை.

"பேரி மரத்தடி? அங்கயும் வெட்டிட்டீங்களா?"

நார்மனின் முகம் வாடியது.

"அதை நீ கவனிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருந்தேன்."

அவள் அவரைத் தாண்டி நடந்தாள். வெளிர்பச்சை, கரும்பச்சை என்று கோடுகள் நூல் பிடித்ததுபோல் ஓடின. ஒரு பூ மிச்சமில்லை. கொட்டகையைச் சுற்றித் திரும்பினாள்.

பேரி மரத்துக்கு முன்னால் அந்தக் கோடுகள் தடுமாறி வளைந்து விலகிப் போயிருந்தன. மரத்தைச் சுற்றி ஒரு கோணல் வட்டம். அதற்குள் முழங்கால் உயரப் புல், மஞ்சள் பூக்கள். குனிந்து கேட்டாள். ரீங்காரம் இருந்தது.

"அசிங்கமாத்தான் இருக்கு, தெரியும்," பின்னாலிருந்து நார்மன் சொன்னார். "இது வரைக்கும் நேராத்தான் வந்தேன். பாத்தா, தரையில ஒரு ஓட்டை. குண்டு குண்டாத் தேனீங்க போறதும் வர்றதும். அது மேல எந்திரத்தை ஏத்த எனக்குக் கை வரல. பூவையும் எடுத்துட்டா அதுங்க சாப்பாட்டுக்கு எங்க போகும், சொல்லு? கீத் இருந்தான்னா, 'என்னடா கோடு இது'ன்னு மானத்தை வாங்கியிருப்பான்."

ஹீதர் நிமிர்வதற்குச் சற்று நேரமானது.

"அது அப்படியே இருக்கட்டும், நார்மன்."

"நிஜமாவா? அப்ப மத்த எடத்தையாவது அடுத்த சனிக்கிழமை வந்து..."

"முதல்ல உங்க முதுகு சரியாகட்டும். ஜூன்ல பாத்துக்கலாம்."

"ஜூனா! மறுபடி காடாயிடுமேம்மா!"

"ஆகட்டுமே. பிரெண்டாவுக்கும் பொழுது போகணும்ல?"

முதுகைப் பிடித்துக்கொண்டே சிரித்தார் நார்மன். அப்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. "அது என்ன, கையில பலகை?"

"உட்காருங்க. டீ போட்டு எடுத்துட்டு வர்றேன்," என்று உள்ளே போனாள்.

இரண்டு கோப்பைகளையும் பிஸ்கட் தட்டையும் அந்தப் பலகை மேல் வைத்துத்தான் ஏந்தி வந்தாள். எழுத்து அடிப்பக்கம் இருந்தது.